அந்தரத்தில் நின்ற கதையும் மறுநாள் வந்த கூட்டமும்

இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனையை அடுத்த பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் கோயில் இருக்கிறது. ஆண்டுதோறும் அங்கே பதினெட்டு நாள் உற்சவம் நடக்கும்போது மகாபாரதக் கதையும் கூடவே நகரும். ஒரு நாள் பாண்டவர் வனவாசம் போவார்கள். இன்னொரு நாள் அருச்சுனன் தவநிலைக்கு ஏறுவான். நிறைவில் தீமிதிப்பு. வீதியில் நிற்கும் எவருக்கும் இந்தக் கதையின் முடிவு தெரியாததல்ல. யார் வெல்வார், யார் மடிவார், திரௌபதையின் கூந்தல் எப்போது முடியப்படும் என்பதெல்லாம் சிறு வயதிலேயே கேட்டுப் பழகியவை. ஆனாலும், காட்டுக்குப் போனவர்களை நடுவழியில் விட்டுவிட்டு இரவு வீடு திரும்பிய சனம் மறுநாளும் வருகிறது.

தொடர்கதையைப் பற்றி நாம் வழக்கமாகச் சொல்லும் விளக்கத்தை வைத்து இந்தக் கூட்டத்தைப் புரிந்துகொள்ள முடியாது. கதையை ஆபத்தான இடத்தில் அந்தரத்தில் நிறுத்த வேண்டும், அடுத்து என்ன நடக்கும் என்பதை மறைக்க வேண்டும், அந்தத் தவிப்பில் வாசகர் அடுத்த இதழை வாங்குவார் என்பதே அந்த விளக்கம். பத்திரிகை ஆசிரியர்களும் தொலைக்காட்சித் தயாரிப்பாளர்களும் இதைத் தொழில் விதியாகவே கைக்கொள்கிறார்கள். முடிவை மறைப்பதுதான் உயிர்நாடி என்றால், முடிவை அறிந்த பாண்டிருப்புக் கூட்டம் ஏன் திரும்பி வருகிறது?

அக்கரைப்பற்றை நடுவில் வைத்து, இந்தக் கரையில் கதைகள் எப்படி நிறுத்தப்பட்டன, எப்படித் தொடர்ந்தன என்று பார்த்தால் வேறொரு விடை தென்படுகிறது. அந்தர நிறுத்தம் என்பது சொல்பவர் கேட்பவருக்குக் கொடுக்கும் வாக்கு. இந்த ஊர்களில் கோயிலும் குடியும் பருவமும் அந்த வாக்குக்குப் பிணை நின்றன. அச்சு வந்தபோது அந்தப் பிணைகள் இல்லாத முகமறியாத வாசகரைக் கட்டிவைக்கும் வேலை முழுவதும் தவிப்பின் தலையில் விழுந்தது. இன்றைய தொலைக்காட்சித் தொடரின் சோர்வுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் வாதம்.

அச்சு சொல்லும் வரலாறு

உலக இலக்கிய வரலாறுகளில் இந்த உத்தியின் பிறப்பு பெரும்பாலும் 1836இல் தொடங்கும். அந்த ஆண்டு பாரிசில் எமில் த ஜிரார்டன் 'லா பிரெஸ்' நாளிதழைத் தொடங்கினார். சந்தாவைப் பாதியாகக் குறைத்து, இழப்பை விளம்பரத்தால் ஈடுகட்டினார். விளம்பரத்துக்கு வாசகர் தொகை வேண்டும். வாசகரை நாள்தோறும் இழுக்கத் தொடர்கதை வேண்டும். அதே ஆண்டில் இங்கிலாந்தில் டிக்கன்ஸின் 'பிக்விக் பேப்பர்ஸ்' மாதம் ஒரு சிறு பகுதியாக ஒரு சில்லிங் விலைக்கு வரத் தொடங்கியது. 1842–43இல் யூஜின் சூ எழுதிய 'பாரிசின் மர்மங்கள்' நாளிதழ்த் தொடருக்கு எவ்வளவு பெரிய வாசகர் படை சேரும் என்பதைக் காட்டிற்று. தாமஸ் ஹார்டி 1872–73இல் எழுதிய தொடரொன்றில் கடலோரப் பாறை முகட்டில் ஒருவன் தொங்கிக்கொண்டிருக்கும்போதே அந்த மாதத்துப் பகுதியை முடித்தார்.

இந்த வரலாறு உண்மைதான். ஆனால் இது வணிக அச்சின் வரலாறு மட்டுமே. இதற்கு நெடுங்காலம் முன்பே அரபு மொழியில் ஷஹ்ராஸாத் இரவுக்கு இரவு கதையை முறித்து வைத்தாள். 'ஆயிரத்தொரு இரவுகள்' நூலுக்கு இன்று கிடைக்கும் மிகப் பழைய பெரிய கையெழுத்துப் பிரதியை அந்துவான் கலான் 1704 முதல் பிரெஞ்சில் பெயர்த்தார். முஹ்ஸின் மஹ்தி 1984இல் செம்மையாகப் பதிப்பித்தார். அதில் விடியல் ஒவ்வொன்றும் கதையின் நடுவிலேயே வந்து விழும். தங்கை தினார்ஸாத் கதையின் இனிமையை வியப்பாள். அரசன் உயிரோடு விட்டால் நாளை சொல்லப்போவது இதைவிட இனியது என்று அக்காள் பதில் சொல்வாள். கவனிக்க வேண்டியது அந்தப் பதிலைத்தான். அவள் நாளைக்கு ஒன்று தருவதாக வாக்குக் கொடுக்கிறாள்; அந்த வாக்கை நிறைவேற்ற அவள் உயிரோடிருக்க வேண்டும். கதை கேட்பவனையும் சொல்பவளையும் ஒரே நேரத்தில் காப்பாற்றும் நிறுத்தம் அது. வீட்டைவிட்டு இரவில் வெளியேற நினைக்கும் பெண்ணைக் கிளி கதை சொல்லியே நிறுத்திவைக்கும் கிளிக்கதை மரபும் இதற்கு உறவுதான். இவை அச்சுக்கும் சந்தாவுக்கும் முந்தியவை.

குடியும் பருவமும் தாங்கிய கதை

அக்கரைப்பற்றின் சமூக அமைப்பை 1969 முதல் நேரில் ஆராய்ந்த அமெரிக்க மானுடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, கிழக்குக் கரையின் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடி முறையைப் பகிர்ந்துகொள்வதை விரிவாக எழுதியிருக்கிறார். 2008இல் வெளிவந்த அவரது பெருநூலின் மையமே இந்த ஊர்தான். கோயில் திருவிழாவில் நாள்கள் குடிகளுக்குப் பங்காகும். பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிக்கொரு மரைக்கார் இருப்பார். ஒருவர் கதை கேட்க வருவது அவரது விருப்பத்தோடு மட்டும் நின்றுவிடாது. இன்று எங்கள் குடியின் நாள் என்றால் வந்தே ஆக வேண்டும்.

வைகாசி மாதத்துக் கண்ணகி சடங்கை எடுத்துக்கொள்வோம். தம்பிலுவில், பட்டிமேடு, காரைதீவு, கல்முனை என்று இந்தக் கரை நெடுகக் கண்ணகி கோயில்கள் உண்டு. கதவு திறந்த நாளிலிருந்து குளிர்த்தி வரை கண்ணகி வழக்குரை பாடப்படும். வி.சீ. கந்தையா 1968இல் பதிப்பித்த அந்தக் காவியம் காதை காதையாகப் பிரிந்து கிடக்கிறது. ஒரு காதை முடிந்து பாடுபவர் ஏட்டைக் கட்டும்போது, கோவலன் சிலம்போடு மதுரைக்குள் நுழைந்திருப்பான். அல்லது கொலைச் செய்தி கண்ணகியின் காதுக்கு இன்னும் எட்டாமல் இருக்கும். கேட்பவர் அறிவார், கதைக்குள் இருப்பவள் அறியாள். இந்த இடைவெளியில்தான் நெஞ்சு பதைக்கிறது. முடிவு தெரிந்திருப்பதால் தவிப்பு குறையவில்லை, கூடுகிறது. மேலும், கதை எரியும் மதுரையோடு நின்றுவிடக் கூடாது. குளிர்த்தி பாடி அம்மனின் கோபத்தை ஆற்றினால்தான் ஊருக்கு மழையும் நலமும் என்பது நம்பிக்கை. கதையைப் பாதியில் விட்டுவிடும் உரிமை பாடுபவருக்கும் இல்லை, கேட்பவருக்கும் இல்லை.

முஸ்லிம் ஊர்களின் ஏட்டு மரபில் வேறொரு வகை நிறுத்தம் தலைதூக்கி நிற்கிறது. முழுமையாகக் கிடைக்கும் தமிழ் முஸ்லிம் இலக்கியங்களுள் மிகப் பழையதாகக் கருதப்படுவது வண்ணப் பரிமளப் புலவரின் 'ஆயிர மசலா'; அது 1572இல் வந்தது. யூத அறிஞர் அப்துல்லாஹ் இப்னு ஸலாம் கேள்விகளை அடுக்குகிறார், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடை சொல்கிறார்கள். நூறு மசலா, வெள்ளாட்டி மசலா என்று இந்த வடிவம் பின்னர் கதைக்குள் புகுந்தது. வெள்ளாட்டி மசலாவில் ஓர் அடிமைப்பெண் அறிஞர்களின் கேள்விகளை ஒவ்வொன்றாக வெல்கிறாள். இவை கூட்டத்துக்கு உரக்கப் படிக்க எழுதப்பட்டவை. கேள்வி படிக்கப்பட்டதற்கும் விடை படிக்கப்படுவதற்கும் இடையில் படிப்பவர் மூச்சு வாங்கும் நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் கேட்பவர் தன் மனதுக்குள் விடை தேடுகிறார். அடுத்த இதழ்வரை நீளும் அந்தர நிறுத்தத்தின் மிகச் சிறிய வடிவம் இதுவே. போர்க்கதைகளான படைப்போர் நூல்களின் நிறுத்தத்தில் உயிர் பிழைக்குமா என்ற பதைப்பு இருக்கும். மசலாவின் நிறுத்தத்தில் விடை என்ன என்ற யோசனை இருக்கும். இரண்டாவது வகை கேட்பவரையும் பங்காளியாக்குகிறது.

இங்கே சீறாப்புராணத்தையும் நினைக்க வேண்டும். உமறுப் புலவர் 5027 விருத்தங்களில் பாடிய அந்தக் காப்பியம் நபிகள் நாயகத்தின் வாழ்வை முழுமையாகச் சொல்லி முடிக்கவில்லை. ஹிஜ்றத்துக் காண்டத்துக்குள்ளேயே நின்றுவிடுகிறது. விட்ட இடத்திலிருந்து பனீ அகமது மரைக்காயர் 'சின்னச் சீறா' பாடினார். புலவர் கொடுத்த வாக்கைப் புலவரால் முடிக்க இயலாமற் போனபோது, சமூகத்திலிருந்து இன்னொருவர் அந்தக் கடனை ஏற்றுக்கொண்டார். கதையின் மிச்சம் சமூகத்தின் பொறுப்பு என்ற எண்ணம் இல்லாமல் இது நடந்திருக்காது.

வீட்டுக்குள்ளும் இதே முறைதான். நெல் அறுப்புக் காலத்தில் வயல் வாடியில் சொல்லப்பட்ட கதையானாலும், படுக்கையில் மூத்தம்மா சொன்ன கதையானாலும், "மிச்சக் கதை நாளைக்கி, மனே, இப்ப படு" என்ற வாக்கில்தான் அது நிற்கும். நாளைக்கு மூத்தம்மா அங்கே இருப்பார் என்பதில் பிள்ளைக்கு ஐயமில்லை. ஐயமில்லாததால்தான் பிள்ளை உறங்குகிறது.

தெரிந்த முடிவும் தீராத தவிப்பும்

முடிவு தெரிந்தும் தவிப்பது எப்படி என்பதை உளவியலாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். 1989இல் ரிச்சர்ட் ஜெரிக் ஒரு சோதனை செய்தார். ஜோர்ஜ் வாஷிங்டன் பதவியை ஏற்கத் தயங்கினார் என்பதுபோல் பதற்றமூட்டும் ஒரு சிறு பகுதியை வாசிக்கக் கொடுத்தார். பிறகு, அவர் முதல் சனாதிபதியானார் என்ற, எல்லோருக்கும் தெரிந்த உண்மையைச் சரியா தவறா என்று கேட்டார். பதற்றமூட்டும் பகுதியை வாசித்தவர்கள் விடை சொல்லக் கூடுதல் நேரம் எடுத்தார்கள். கதைக்குள் நுழைந்ததும், தெரிந்த முடிவைக்கூட மனம் ஓரமாக வைத்துவிடுகிறது.

2011இல் லெவிட், கிறிஸ்ரன்ஃபெல்ட் இருவரும் சிறுகதைகளின் முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டுப் படிக்கக் கொடுத்தார்கள். பலர் அவற்றைக் கூடுதலாகவே ரசித்தார்கள். பின்வந்த ஆய்வுகள் எல்லாம் இதை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் முடிவு தெரிந்தால் கதை செத்துவிடும் என்ற முரட்டு விதி நிற்காது என்பது தெளிவாகிவிட்டது.

தொடர்கதை பற்றிப் பேசுவோர் அடிக்கடி எடுத்துக்காட்டும் இன்னொரு பெயர் புளூமா ஸைகார்னிக். முடித்த வேலையைவிட இடையில் நின்ற வேலையே நினைவில் தங்குகிறது என்று அவர் 1927இல் எழுதினார். நினைவு பற்றிய அந்த முடிவு பிற்காலச் சோதனைகளில் உறுதியாக நிற்கவில்லை. அவரோடு பேர்லினில் பணியாற்றிய மரியா ஒவ்சியான்கினா 1928இல் சொன்னதே கூடுதலாகத் தாக்குப்பிடித்திருக்கிறது: இடையில் நின்ற வேலைக்கு, யாரும் ஏவாமலே, மனிதர் திரும்பிப் போக விரும்புகிறார்கள். இந்த வேறுபாடு நமக்கு முக்கியமானது. அந்தர நிறுத்தம் வாசகரின் நினைவில் ஆணி அடிப்பதைவிட, திரும்பி வரும் ஆசையை விதைக்கிறது. பாண்டிருப்பிலும் காரைதீவிலும் நடப்பது அதுதான்.

வாரம் ஒரு வாக்கு

தமிழில் தொடர்கதையின் தொடக்க காலத்துச் சிறந்த படைப்பு பி.ஆர். ராஜமய்யரின் 'கமலாம்பாள் சரித்திரம்'. 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி'யில் வந்தது. அதற்கு முன்பே இலங்கையில் அறிஞர் சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, 1885இல் 'அசன்பேயுடைய கதை'யை வெளியிட்டிருந்தார். ஈழத்தின் முதல் தமிழ் நாவல் எனப் போற்றப்படும் அந்தக் கதை, குழந்தையிலேயே கடத்தப்பட்ட ஒருவன் தன் பிறப்பைத் தேடும் கதை. ஒரு பெரிய கேள்வியை முதலிலேயே திறந்துவிட்டு, நூல் முழுவதும் அதன் விடையைத் தள்ளிவைக்கும் கட்டமைப்பு அதில் இருக்கிறது. மசலா கேட்டுப் பழகிய சமூகத்துக்கு அது அந்நியமாகப் பட்டிருக்காது.

இந்த உத்தியைத் தமிழில் உச்சத்துக்குக் கொண்டுபோனவர் கல்கி. 'பொன்னியின் செல்வன்' 1950 ஒக்டோபர் 29இல் தொடங்கி, ஏறக்குறைய மூன்றரை ஆண்டுகளாக வாரந்தோறும், ஐந்து பாகங்களில் 293 அத்தியாயங்களாக வந்தது. இரண்டாம் பாகமான 'சுழற்காற்று' நமது தீவிலேயே பெரும்பகுதி நடக்கிறது. கல்கியின் தேர்ச்சியை ஓர் எளிய உண்மையில் அளக்கலாம். நடுக்கடலில் உயிருக்குப் போராடும் அருள்மொழிவர்மன் இறக்கப்போவதில்லை என்பது வாசகருக்கு முன்பே தெரியும். அவன்தான் இராசராச சோழன், 985இல் அரியணை ஏறுபவன், தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவன். முடிவைப் பள்ளிப் பாடநூலே சொல்லிவிட்டது. ஆயினும் வாரந்தோறும் வாசகர் பதறினார். மணி ரத்னம் 2022இல் எடுத்த படத்தின் முதல் பாகமும் அருள்மொழிவர்மன் கடலில் மூழ்கும் இடத்தில்தான் நின்றது. நாவலைப் பலமுறை படித்தவர்களும் 2023 ஏப்ரல்வரை இரண்டாம் பாகத்துக்குக் காத்திருந்தார்கள். 'கல்கி' இதழ் இதே நாவலை மீண்டும் மீண்டும் தொடராக வெளியிட்டதும் இங்கே வலுவான சான்று. புத்தகமாகக் கையில் கிடைக்கும் கதையை, முடிவு தெரிந்த கதையை, வாரம் ஓர் அத்தியாயமாகப் படிக்க வாசகர்கள் இருந்தார்கள்.

கல்கியிடம் வாக்கைக் காக்கும் ஒழுக்கம் இருந்தது. கதை முடிந்த பின் அவர் முடிவுரை ஒன்று எழுதினார். பாத்திரங்கள் பிறகு என்ன ஆனார்கள் என்ற கேள்விகளுக்கு அதில் பொறுமையாக விடை சொன்னார். திறந்த கேள்விகளுக்குக் கணக்குக் காட்டும் கடமை தனக்கு இருப்பதாக அவர் கருதியது அதில் தெரிகிறது. 1954 டிசம்பரில் அவர் மறைந்தபோது பாதியில் நின்ற 'அமரதாரா'வை அவர் மகள் ஆனந்தி எழுதி முடித்தார். சின்னச் சீறா பாடிய மரைக்காயரின் செயலும் இதுவும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை.

ஆனால் எழுத்தாளருக்கும் வாசகருக்கும் அப்பாற்பட்ட நிறுத்தங்களும் உண்டு. 1970இல் பதவிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தியபோது, தென்னிந்திய சஞ்சிகைகளின் வரவும் சுருங்கியது. அவற்றை நம்பியிருந்த இலங்கை வாசகருக்குப் பல தொடர்கள் நடுவிலேயே அறுந்தன. அந்த இழப்பின் மறுபக்கத்தில் உள்நாட்டு நாவலுக்கு இடம் பிறந்தது. வீரகேசரிப் பிரசுரங்கள் வரிசையாக வந்தன. பாலமனோகரனின் 'நிலக்கிளி' 1973இல் அப்படி வந்ததே.

அக்கரைப்பற்று, கல்முனைக் கரையின் நவீன எழுத்து தொடர்கதையைவிடச் சிறுகதையாலும் கவிதையாலும் அறியப்படுவதற்கும் இந்த நிறுத்தங்களோடு தொடர்பிருப்பதாக நினைக்கிறேன். அக்கரைப்பற்றின் அ.ஸ. அப்துஸ் ஸமது, மருதமுனையின் மருதூர்க் கொத்தன் ஆகியோர் சிறுகதையில் பெயர் பெற்றார்கள். நீலாவணனும் எம்.ஏ. நுஃமானும் சோலைக்கிளியும் கவிதையில் நின்றார்கள். நீலாவணன் 'பாடும் மீன்' இதழையும் நுஃமான் 'கவிஞன்' இதழையும் நடத்தினார்கள். இத்தகைய சிற்றிதழ்களின் ஆயுள் குறுகியது. தொடர்கதை எழுத அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் பக்கம் உறுதியாக வேண்டும். அந்தப் பக்கங்கள் கொழும்பிலும் சென்னையிலும் இருந்தன. நாளைய பக்கத்துக்கு உறுதியில்லாத இடத்தில், ஒரே இருப்பில் முடிந்துவிடும் வடிவங்கள் வளர்வது இயல்பு.

வானொலிப் பெட்டி

இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தொடர் நாடகங்கள் அச்சு இழந்த ஒன்றை மீட்டுத் தந்தன. 1925இல் தொடங்கி, 1949இல் றேடியோ சிலோனாகி, 1967இல் கூட்டுத்தாபனமான அந்த நிலையத்தின் தமிழ் ஒலிபரப்பு கடலுக்கு அப்பால் தமிழகத்திலும் கேட்டது. சில்லையூர் செல்வராசன் எழுதிய 'தணியாத தாகம்' தொடர் நாடகம் பரவலாகக் கேட்கப்பட்டது. 1967இல் 'ஈழத்தில் தமிழ் நாவல் வளர்ச்சி' நூலை எழுதியவரும் அவரே. நாவல் வடிவத்தின் வரலாற்றை ஆராய்ந்த ஒருவரே வானொலியில் தொடராக ஒலிக்கும் கதையையும் கட்டினார்.

வானொலி ஒரு வீட்டில் பாடினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். வேலிக்கு அப்பால் இருப்பவர்களும் ஒரே நேரத்தில் கேட்டு, மறுநாள் கிணற்றடியிலும் கடைவாசலிலும் அதைப் பற்றிக் கதைத்தார்கள். இந்தக் கதைப்புத்தான் கூட்டு நினைவு. தனியே வாசிக்கும் தொடர்கதையில் தவிப்பு ஒருவரோடு நிற்கும். கூடிக் கேட்ட தொடரில் தவிப்பு ஊருக்குள் சுற்றும். காத்திருக்கும் நாள்கள் அப்போது வெறுமையாக இருப்பதில்லை.

முடிய மறுக்கும் தொடர்

ஊரைக் கூட்டிக் கேட்கவைக்கும் அந்த வாய்ப்பு தொலைக்காட்சிக்கும் இருந்தது. 1998இல் சக்தி தொலைக்காட்சி வந்தது. செய்மதி வழியே சன் தொலைக்காட்சியும் இந்த ஊர்களுக்குள் வந்தது. 'சித்தி', 'மெட்டி ஒலி', 'கோலங்கள்' பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறை இங்கே உண்டு. தொடக்க காலத் தொடர்களில் குடும்பப் பெண்களின் உழைப்பும் அவமானமும் உறுதியும் இருந்தன. அவற்றைப் பார்த்து அழுத பெண்களைக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தங்கள் வாழ்வின் கேள்விகளை அவர்கள் அங்கே கண்டார்கள்.

கோளாறு நிறுத்தத்தின் கணக்கில் வந்தது. 2003 முதல் 2009 வரை ஓடிய 'கோலங்கள்' 1500க்கும் மேற்பட்ட பகுதிகளாக நீண்டது. கதை எவ்வளவு தேவைப்படுகிறது என்பது நீளத்தைத் தீர்மானிக்காமல், பார்வையாளர் அளவீடும் விளம்பர நேரமும் தீர்மானிக்கும் நிலை இந்தத் தொழிலில் நிலைத்தது. அளவீடு வாரந்தோறும் வருகிறது. எழுத்தாளர் அதைப் பார்த்துக் கதையைத் திருப்புகிறார். வாரத்தின் கடைசிப் பகுதியில் பெரிய அதிர்ச்சி ஒன்று வேண்டும். ஒவ்வொரு முகமாகக் கமெரா நெருங்கும், இசை மூன்று முறை இடிக்கும், தொடரும் என்ற எழுத்து விழும். அடுத்த வாரம் அது கனவு என்றோ, நினைத்துப் பார்த்தது என்றோ, தவறாகக் காதில் விழுந்தது என்றோ கழன்றுவிடும்.

இங்கே வாக்கு முறிகிறது. நல்ல அந்தர நிறுத்தத்துக்கு மூன்று பண்புகள் வேண்டும் என்று இந்தக் கரையின் மரபிலிருந்தே சொல்லலாம். முதலாவது, நிறுத்தும் இடத்தில் நிற்கும் ஆபத்து முன்னைய கதையிலிருந்து முளைத்ததாக இருக்க வேண்டும். கோவலன் சிலம்போடு மதுரைக்குப் போவது மாதவி வீட்டில் பொருள் தொலைத்த நாளிலேயே தொடங்கிவிட்டது. இரண்டாவது, தொடர்ச்சி அந்தக் கேள்விக்கு நேராக முகம் கொடுக்க வேண்டும். மசலாவில் கேள்வி கேட்டுவிட்டு விடையை மாற்றிப் பேச முடியாது, சபை விடாது. மூன்றாவது, நிறுத்தத்தைக் கடந்து வந்தபின் கதைமாந்தர் முன்பிருந்தவராக இருக்கக் கூடாது. வழக்குரைத்து வெளியே வரும் கண்ணகி, உள்ளே போன கண்ணகியல்லள். கனவென்று கழன்றுவிடும் அதிர்ச்சி இந்த மூன்றையும் மீறுகிறது. அதைப் பார்ப்பவர் சில மாதங்களில் எதற்கும் பதறாதவராகிவிடுகிறார். பதற்றத்தைக் கூட்ட இன்னும் பெரிய சத்தம் தேவைப்படுகிறது.

முடிவு வராத கதைகளின் கரையில்

இந்த உத்தியைப் பற்றி இவ்வளவு தீவிரமாகப் பேச இன்னொரு காரணமும் உண்டு. முடிவு தெரியாமல் வாழ்வது என்றால் என்ன என்பதை இந்தக் கரை தன் உடலால் அறிந்திருக்கிறது. போர்க்காலத்தில் கூட்டிச் செல்லப்பட்டுத் திரும்பாத பிள்ளைகளுக்காக அம்பாறை மாவட்டத்துத் தமிழ்த் தாய்மார் இன்னும் படங்களோடு நிற்கிறார்கள். 1990இல் குருக்கள்மடத்தில் வழிமறிக்கப்பட்ட முஸ்லிம் பயணிகளின் குடும்பங்கள் உடல்களையேனும் எடுத்துத் தாருங்கள் என்று கேட்டபடி இருக்கின்றன. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே மிக அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. மையித்துக் கிடைக்காத, அடக்கம் செய்ய முடியாத வீடுகள் உண்டு. காணாமற்போனோருக்கான அலுவலகத்தை நிறுவும் சட்டம் 2016இல் வந்தது, பதில்கள் வரவில்லை.

குடும்பவியல் ஆய்வாளர் போலின் பொஸ், இறப்பென்றும் உறுதியில்லாத, உயிரென்றும் உறுதியில்லாத இத்தகைய இழப்பைத் தனியாக ஆராய்ந்தார். துக்கம் தொடங்கவும் முடியாமல் முடியவும் முடியாமல் உறைந்துவிடுகிறது என்பது அவர் கண்டது. கதையின் நிறுத்தத்தை நாம் தாங்குவதற்கும் வாழ்வின் இந்த நிறுத்தத்தைத் தாங்க முடியாமற் போவதற்கும் உள்ள வேறுபாடு இங்கே வெளிப்படுகிறது. கதையில் நாளை உண்டு என்று ஒருவர் பொறுப்பேற்றிருக்கிறார். பயத்தை நடுவில் நிறுத்தி, அதைத் தாங்கிக்கொண்டு, மறுபக்கம் போய்ச் சேரலாம் என்பதை மனம் அங்கே பழகிக்கொள்கிறது. கண்ணகி வழக்குரை குளிர்த்தியில் முடிவது இதனால்தான் முக்கியம். கொலையும் தீயும் பார்த்த ஊருக்கு, ஆறுதல் வரை கூட்டிச் செல்லும் கதை வேண்டும். காத்திருக்கவைத்துவிட்டுக் கைவிடும் கதை, இந்த மக்கள் ஏற்கெனவே அனுபவித்ததையே திரும்பச் செய்கிறது.

சேகரிக்க வேண்டியவை

இந்த ஆய்வைத் தொடர்வதற்கு ஓர் அடிப்படைத் தடை இருக்கிறது. தொடர்கதை புத்தகமாகும்போது அதன் நிறுத்தங்கள் மறைந்துவிடுகின்றன. எந்த வாரம் எந்த வரியில் கதை நின்றது, அடுத்த வாரம் முன்கதை எப்படிச் சுருக்கப்பட்டது, பக்கத்தில் எந்த ஓவியமும் விளம்பரமும் இருந்தன, வாசகர் கடிதங்கள் என்ன கேட்டன என்பவை பத்திரிகைத் தாளில் மட்டுமே இருக்கின்றன. அந்தத் தாள்களைச் சேர்த்துவைத்த கரையோர வீடுகள் போரிலும் கடலிலும் பெரிதும் இழந்துவிட்டன. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து இதழ்களை எண்ணிமப்படுத்திவருவது பேருதவி. தினகரனிலும் வீரகேசரியிலும் வந்த தொடர்களை இதழ் இதழாக, நிறுத்தம் நிறுத்தமாகப் பட்டியலிடும் வேலை தனியாகச் செய்யப்பட வேண்டும்.

வாய்மொழி மரபிலும் அதே அவசரம் இருக்கிறது. எஸ்.எச்.எம். ஜெமீலும் எஸ். முத்துமீரானும் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களைத் திரட்டித் தந்தார்கள். பாடல் வரிகளை அவர்கள் காப்பாற்றினார்கள். கிஸ்ஸாக் கதைகளும் மசலாவும் படித்தவர் எந்த இடத்தில் நிறுத்தினார், எவ்வளவு நேரம் நிறுத்தினார், அப்போது சபையில் யார் என்ன சொன்னார் என்பதையும் இனிப் பதிவுசெய்ய வேண்டும். அக்கரைப்பற்றிலிருந்து சில கிலோமீற்றர் தொலைவில் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் தமிழ் மாணவர்கள் பாண்டிருப்பு வீதியிலும் பட்டிமேட்டுக் கோயிலிலும் தங்கள் சொந்த வீட்டு மூத்தம்மாக்களிடமும் ஒலிப்பதிவுக் கருவியோடு உட்கார்ந்தால், உலகில் எந்தத் தொடர்கதை ஆய்வாளரும் இதுவரை வைத்திராத சான்றுகள் கிடைக்கும்: முடிவை அறிந்த கூட்டத்தை எப்படி மறுநாளும் வரவைப்பது என்பதற்கான சான்றுகள். இன்று தொடர் எழுதும் இளைஞர்களுக்கு அவற்றைவிடப் பயனுள்ள பாடநூல் இல்லை. அதிர்ச்சியின் அளவைக் கூட்டிக்கூட்டிக் களைத்துப்போன ஒரு தொழில், வாக்குக் காப்பது எப்படி என்பதை இந்தக் கரையிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளலாம்.